பெயரும் புள்ளியும்: இணையக் குழுமங்களில் நற்பெயரின் கணக்கு

மனிதர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையும், அதன் பேரில் செய்துகொள்ளும் உதவிகளும், அவற்றைக் காத்துநிற்கும் எழுதப்படாத நெறிகளும் சேர்ந்த வளத்தைச் சமூகவியலார் ‘சமூக மூலதனம்’ என்பர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராமப்புறப் பள்ளிகளை மேற்பார்வையிட்ட எல். ஜே. ஹனிஃபன் 1916இலேயே இச்சொல்லைக் கையாண்டார் எனினும், அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் ஜேம்ஸ் கோல்மன் முதன்மையானவர். 1988இல் எழுதிய கட்டுரையில் அவர் நியூயார்க்கின் வைர மொத்த வணிகத்தைச் சான்று காட்டினார். விலை பேசும் வணிகர், பல்லாயிரம் டாலர் பெறும் கற்கள் அடங்கிய பையை மற்றொரு வணிகரிடம், அவர் தனியே இருந்து சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒப்படைக்கிறார். நல்ல கல்லை எடுத்துக்கொண்டு மட்டமான கல்லை வைத்துவிட மாட்டார் என்பதற்கு முறையான உறுதி எதுவும் இல்லை. கொள்வினை கொடுப்பினையும், ஒரே வட்டாரக் குடியிருப்பும், ஒரே வழிபாட்டுக்கூடமும் அவர்களைப் பிணைத்திருப்பதால், ஏமாற்றுபவர் வணிகத்தோடு உற்றார் உறவினரையும் சேர்த்தே இழக்க நேரும்.

இத்தகைய பிணைப்பு எதுவும் இல்லாத அந்நியர்களிடையே நம்பிக்கையை விளைவிக்க இணையம் கண்ட வழி, பெயரை எண்ணாக்குவது. பியர் ஒமிடியார் 1995இல் தொடங்கி, பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற ஏலத்தளத்தில், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை 1996இல் வந்தது. அதன் பயன் மெய்யானது: பால் ரெஸ்னிக்கும் உடனாய்வாளர்களும் பழைய அஞ்சலட்டைகளை ஈபேயில் விற்று நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், நற்பெயர் நிலைபெற்ற விற்பனையாளருக்கு, புதியவரைக் காட்டிலும் 8.1 விழுக்காடு கூடுதலாகத் தர வாங்குவோர் முன்வந்தனர். ஆயினும் அதே ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசருடன் 1999ஆம் ஆண்டு விற்பனைகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே மதிப்பீடு இட்டிருந்ததும், இடப்பட்டவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேல் பாராட்டாகவே இருந்ததும் தெரியவந்தன. குறை சொன்னால் தம் பெயருக்கும் குறை எழுதிவிடுவார்களோ என்ற அச்சமே வாய் திறக்காமைக்கு ஒரு காரணம் என்பதனால்தான், வாங்கியவர்மீது விற்பனையாளர் எதிர்மறை மதிப்பீடு இடும் உரிமையை ஈபே 2008இல் நீக்கியது. ஆகவே அந்த எண் நேர்மையை மட்டும் அளக்கவில்லை. சொல்லும் துணிவையும் சேர்த்தே அளந்தது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றை எரிக் ஃபிரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001இல் எடுத்துரைத்தனர். பெயர் கெட்டவர் மறுநாளே வேறு புனைபெயரில் நுழைய முடியும் என்றால், புதிதாய் வருபவர் எவரையும் ஐயத்தோடு பார்ப்பதைத் தவிரக் குழுமத்திற்கு வேறு காப்பில்லை. பழைய குற்றவாளிக்குரிய ஐயம், ஒரு பிழையும் செய்யாத புதியவர் தலையில் விழுகிறது. இந்தச் சுமையே அக்குழுமம் அனைவருக்குமாகச் செலுத்தும் விலை என்பதை மூத்த உறுப்பினர்கள் மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

நிரலாளர்கள் ஐயம் கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தை, 2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கினர். அங்கு நற்பெயர் அதிகாரமாகவே மாறுகிறது: விடைக்குக் கிடைக்கும் ஒவ்வோர் ஆதரவு வாக்கும் 10 புள்ளி, 50 புள்ளி சேர்ந்தால் பிறர் பதிவுகளின்கீழ்க் கருத்திடலாம், 2,000 சேர்ந்தால் பிறர் எழுத்தை நேரடியாகத் திருத்தலாம், 3,000 சேர்ந்தால் ஒரு கேள்வியை மூட வாக்களிக்கலாம். உழைப்பால் அதிகாரம் வருவது நல்ல ஏற்பாடே. ஆனால் கேள்வி இன்னதென்று தெளிவாகச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் மாணவரிடம், எந்த வரியில் பிழை வருகிறது, எந்தப் பதிப்பை நிறுவியிருக்கிறார் என்று கருத்துப் பகுதியில் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அக்கேள்வியை விடையளிக்கத் தக்கதாக்கும் உறுப்பினருக்கு, அக்கருத்துகள் எத்தனை ஆதரவு வாக்குப் பெற்றாலும் ஒரு புள்ளியும் சேர்வதில்லை. கோல்மன் வைர வணிகரிடையே கண்ட வளத்திற்கு மிக அணுக்கமானது இந்த உழைப்புத்தான். அடுத்து வரும் புதியவர் ஐயத்தோடு அன்றி உதவியோடு எதிர்கொள்ளப்படுவதும் இதனைச் செய்பவர்களாலேயே.