பழைய பிஎஸ்பிக்கு ஒரு காப்புப் பிரதி
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பரணில் கிடக்கும் சோனி பிஎஸ்பியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2009-இல் வந்த ‘தேசி அட்டா’ ஹைதராபாத்தில் செய்த விளையாட்டு. கபடி, கில்லி, பட்டம் எல்லாம் அதில் உண்டு. அந்த வட்டில் கீறல் விழுந்தால் புதிதாக வாங்கக் கடையில் கிடைக்காது. பிரதி எடுக்க வேண்டும்; அதற்குத்தான் கஸ்டம் ஃபர்ம்வேர்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அடுத்து, மெமரி ஸ்டிக்கில் உள்ளதையெல்லாம் கணினியில் நகல் எடுங்கள். பிள்ளைகள் விளையாடி ஏறிய கட்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிறகு சோனியின் கடைசி ஃபர்ம்வேர் 6.61, அதன்மேல்தான் கஸ்டம். ஃபர்ம்வேர் ஏறும்போது கருவி அணைந்தால் செங்கல்தான். பேட்டரி நிறைய சார்ஜ், கூடவே சார்ஜர், இரண்டும் வேண்டும். நம் ஊர் கரண்டை நம்பாதீர்கள்!

ஏறியதும் செலக்ட் பொத்தானை அழுத்தி, யுஎஸ்பி என்ற இடத்தில் யுஎம்டி டிஸ்க் என்று மாற்றுங்கள். கேபிளை மாட்டினால் வட்டு முழுதும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகக் கணினியில் தெரியும். அதை மெமரி ஸ்டிக்கில் ஐஎஸ்ஓ ஃபோல்டரில் போட்டால் போதும்.

“எல்லா கேமும் ஏற்றித் தருகிறோம்” என்று கடையில் சொல்வார்கள். அது வேறு கணக்கு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நாம் காசு கொடுத்து வாங்கிய நிரலுக்குத்தான் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது.

கருவி வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை கேபிளோடு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.