பொது முற்றமும் தனி அறையும்



மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளில் அறைகள் தனித்தனியாக இருப்பினும், சுக்கும் மிளகும் உலர்த்தும் முற்றம் பொதுவாக இருப்பதுண்டு. ஒரு முற்றத்தை மூன்று வணிகர் ஆளுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் முற்றம் முழுவதையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டால், கட்டடத்தினும் பெரிய பரப்பு ஏட்டில் தோன்றும். கணிப்பொறியின் நினைவகத்தை அளப்பதிலும் இத்தகைய பிழை நேர்கிறது.

இயங்குதளம் நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பகுத்து நிரல்களுக்கு வழங்குகிறது. ஒரு பக்கத்தின் அளவு பெரும்பாலும் 4 கிலோபைட். எழுத்தைத் திரையில் வரைவது போன்ற பணிகள் பல நிரல்களுக்கும் வேண்டியவை. அவற்றுக்குரிய ஆணைத்தொகுதியை நிரல்தோறும் தனியே ஏற்றுவதில்லை. நினைவகத்திலுள்ள ஒரே படியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன.

இயங்கும் நிரல்கள் மூன்று என்போம். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 20 மெகாபைட். மூன்றுக்கும் பொதுவாக 60. ஆர்.எஸ்.எஸ். என்னும் அளவை ஒவ்வொரு நிரலுக்கும் 80 என்று காட்டும். கூட்டினால் 240 வரும். உண்மையில் செலவானதோ 120தான்.

பொதுப் பக்கத்தை, அதைப் பகிர்வோரின் எண்ணிக்கையால் வகுத்து அவரவர் கணக்கில் சேர்க்கும் முறையை மாட் மக்கால் என்னும் நிரலாளர் முன்வைத்தார். 2008இல் அது லினக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்றது. பி.எஸ்.எஸ். எனப்படும் இவ்வளவையின்படி ஒவ்வொன்றுக்கும் 40; கூட்டுத்தொகை 120. கணக்கு நேராகிவிடுகிறது.

அப்படியானால் ஒரு நிரலை மூடினால் 40 மெகாபைட் மீளுமோ? மீளாது. அதற்கே உரிய 20 மட்டுமே மீளும். இத்தனிப் பங்கை யு.எஸ்.எஸ். என்பர். எஞ்சிய இரு நிரல்களின் பங்கோ 50 ஆக உயர்ந்துவிடும். அவை புதிதாக எதையும் கைப்பற்றவில்லை. அயலார் அறையைக் காலி செய்ததனால் முற்றத்தின் வாடகை இருவர்மீது விழுந்தது, அவ்வளவே.

கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளமே பயன்படுகிறது. பள்ளியில் பழைய கணிப்பொறி ஒன்று தளர்ந்து இயங்குமாயின், நினைவகம் போதவில்லையென்று அதனை ஒதுக்குமுன், எந்த அளவையால் அளந்தோம் என்று வினவுதல் நன்று. மொத்தச் செலவை அறியப் பி.எஸ்.எஸ். வேண்டும், எதை மூடினால் எவ்வளவு மீளும் என்றறிய யு.எஸ்.எஸ். வேண்டும். தவறான கூட்டலை நம்பினால், இன்னும் சில ஆண்டுகள் மாணவருக்கு உதவக்கூடிய பொறி மூலையில் முடங்கும். பொதுச்சொத்தைக் கணக்கிடுவோர் முதலில் தெளியவேண்டியது, தாம் கேட்கும் கேள்வி இன்னதென்பதே.