நோட்டில் ஏறிய ஆட்டம்

இந்துமதி கதிரேசன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். சந்தியா ரங்கநாதனும் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். அரசு விடுதியில் தங்கிப் படித்தபோது அங்கே அக்காமார் பந்தாடுவதைப் பார்த்து ஆட வந்தவர். இருவரும் கடலூர் மாவட்டம். இருவரும் இந்திரா காந்தி அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பனிடம் பயின்றவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாக தேசியப் பட்டம் வாங்கினார்களே, அந்த அணியில் இந்துமதியும் ஆடினார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை உருவாக்கும் ஒரு பயிற்சியாளரைப் பட்டங்களை வைத்துத்தான் அளப்போம் என்றால், அமெரிக்காவின் ஆன்சன் டோரன்ஸுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு 1979 முதல் 2024 வரை அவர்தான் பயிற்சியாளர். தேசியக் கல்லூரிப் போட்டிகளில் 21 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள், 1986 முதல் 1994 வரை ஓர் ஆண்டுகூட விடவில்லை. 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர். அமெரிக்க வீராங்கனை மியா ஹாம் அவருடைய மாணவி. இந்தப் பட்டியலை இத்தோடு விடுகிறேன். அவருடைய நோட்டைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், பயிற்சியில் நடப்பதையெல்லாம் ஆள் வைத்துக் குறித்துக்கொள்வார். டோரன்ஸ் அதைப் பார்த்துத் தம் மாணவிகளுக்கும் கொண்டுவந்தார். ஓட்டமோ, ஒருத்திக்கு ஒருத்தி மோதும் ஆட்டமோ, எதுவானாலும் ஜெயித்தது யார், தோற்றது யார் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவார். தோழியைத் தோற்கடிக்கப் பெண்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் பயிற்சியிலேயே போகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். தெரேஸ்புரம், இனிகோ நகர், புன்னைக்காயல் என்று கடற்கரையோரத்துப் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். சிலருக்கு அப்பா கடலில், சிலருக்குத் துறைமுகத்தில். அண்ணன்மார் மணலில் ஆடும்போது பந்து எடுத்துப் போட்டே பழகிய கால்கள். வெளியூர் அணி என்றால் பாய்வார்கள். தங்களுக்குள் ஆடும்போது மட்டும், "பாவம் மிஸ், இப்பத்தான் காய்ச்சல்லருந்து எந்திச்சிருக்கா" என்று பந்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். இருவர் இருவராக ஆடவிட்டு, யார் யாரை எந்தப் பக்கமாகத் தாண்டினாள் என்று எழுதினேன். முதலில் அழுகை, முறைப்பு. ஓர் அம்மா நேரே மைதானத்துக்கே வந்து, "எம் பிள்ளை பேர மட்டும் ஏன் கடைசில எழுதுதீய?" என்று கேட்டார். அதே பிள்ளை, கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும் ஆனி மாதத்தில், விடியுமுன் வந்து சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். இடது காலால் மட்டும். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு அந்தப் பக்கம் வந்தா தடுக்கத் தெரியாது மிஸ். நோட்டுல பாத்தேன்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டாள்! அன்று மாலை அவளும் அவள் சொன்ன தோழியும் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரே சீட்டு. நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிற பெற்றோருக்காகச் சொல்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பின்னால் அந்த அணியைப் பயிற்றுவித்த கிறிஸ்பின் செத்ரிதான், 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஆனால் படிப்பு முடிந்ததும் பந்தை வைத்துவிடும் பிள்ளைகளே நம் பக்கம் அதிகம். இந்துமதிக்குக் கிடைத்ததுபோல இவர்களுக்கும் ஒரு வேலையும், தொடர்ந்து ஆட ஓர் அணியும் கிடைக்கவேண்டும். பந்தாட ஆசைப்படும் மகள் உங்கள் வீட்டில் இருந்தால் மாலையில் தருவை மைதானத்துக்கு அனுப்பிவையுங்கள். பூட்ஸ் இல்லாவிட்டாலும் வரட்டும்.