கீபோட்டும் இடக்கையும்

மின்சாரத்தால் இயங்கும் இசைக் கருவிகளுள் இன்று பெரிதும் பரவியிருப்பது கீபோட். இலங்கையில் இதனை ஓர்கன் என்றே பலரும் வழங்குவர். பாடசாலைக் கலைவிழாவிலும் தேவாலயப் பாடற்குழுவிலும் திருமண மண்டபத்திலும் இக்கருவியின் ஒலி கேட்காத நாள் அரிது. இக்கருவிகளுள் ஒருவகை, வாசிப்பவருக்குப் பக்கவாத்தியக் குழு ஒன்றையே துணையாகத் தருவது. வலக்கை பாட்டின் மெட்டை வாசிக்க, இடக்கை சில கட்டைகளை அழுத்தும். உடனே தாள வாத்தியங்களும் கித்தாரும் அடிநாதம் எழுப்பும் பேஸ் கித்தாரும் வயலின் கூட்டமும் அந்த இடக்கையின் கட்டளைக்கு அமைய ஒலிக்கத் தொடங்கும். அரேஞ்சர் கீபோட் எனப்படுவது இதுவே.

இதனை வாங்குவோர் ஒலிகள் எத்தனை, தாளக்கட்டுகள் எத்தனை என்று கணக்கெடுப்பர். இடக்கை அழுத்தும் கட்டைகளைக் கருவி எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் அமைப்பு ஒன்றும் அதில் உண்டு என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும், கடையிலிருந்து வந்தபோது இருந்தவாறே அதனை விட்டுவிடுவர். ஆயினும், ஒரு பிள்ளை இரண்டு மூன்று ஆண்டு பயின்ற பின்னர் எதனைக் கற்றிருக்கும் என்பது பெரிதும் இவ்வமைப்பைப் பொறுத்ததாகும்.

மேனாட்டு இசையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒருங்கே ஒலிப்பதைக் ‘கோட்’ என்பர். தமிழிற் சுரக்கூட்டு எனலாம். கருநாடக இசையில் ஒரு கட்டைச் சுருதி என வழங்குவதே மேனாட்டாரின் ‘ஸீ’. அதனைச் சட்சமாகக் கொள்வோமாயின், சட்சமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் சேர்ந்தது ஸீ மேஜர். அந்தர காந்தாரத்துக்குப் பதிலாகச் சாதாரண காந்தாரம் வந்தால் அது ஸீ மைனர். மேஜருடன் கைசிகி நிஷாதத்தையும் சேர்த்தால் ஸீ செவன்த். இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் இனிக் கூறப்படுவன எளிதில் விளங்கும்.

ஒரு விரலால் ஒரு முழுக் கூட்டையும் எழுப்பும் எண்ணம் புதியதன்று. 1829 ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் சிரில் டெமியான் என்பார் காப்புரிமை பெற்ற அக்கோடியன் என்னும் துருத்தி வாத்தியத்தில், ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரக்கூட்டையே எழுப்பியது. சுரக்கூட்டைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லே அக்கருவியின் பெயருக்கும் அடியாயிற்று. 1950 இல் அமெரிக்காவின் ஹமண்ட் நிறுவனம் வெளியிட்ட கோட் ஓர்கனில் இடக்கைக்கெனப் பொத்தான்கள் அமைந்திருந்தன. பொத்தான் ஒன்றை அழுத்தினாற் கூட்டு ஒன்று பிறந்தது. முறையாக இசை பயிலாதவரும் வீட்டில் இருந்து வாசித்து மகிழ வேண்டும் என்பதே இத்தகைய முயற்சிகளின் நோக்கம். இன்றைய கீபோட்டில் ‘சிங்கிள் ஃபிங்கர்’ எனப்படும் ஒருவிரல் முறை இந்த மரபில் வந்ததே.

யமஹா கருவிகளில் ஒருவிரல் முறையின் விதி பின்வருமாறு. மூலச்சுரக் கட்டையை மட்டும் அழுத்தினால் மேஜர். அதனோடு இடப்புறத்தில் அடுத்துள்ள கறுப்புக் கட்டையையும் அழுத்தினால் மைனர். இடப்புறத்தில் அடுத்துள்ள வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். கசியோ நிறுவனத்தார் தங்கள் பெயராலேயே வழங்கும் ஒருவிரல் முறை இதற்கு வேறானது. அங்கே மூலச்சுரத்தோடு வலப்புறத்தில் உள்ள ஏதேனும் ஒரு கட்டையைச் சேர்த்தால் மைனர். இரண்டைச் சேர்த்தால் செவன்த். மூன்றைச் சேர்த்தால் மைனர் செவன்த். சேர்க்கும் கட்டை கறுப்பா வெள்ளையா என்பது அங்கே பொருட்டன்று.

இவ்விதிகளைச் சற்று ஆராய்ந்தால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். ஸீயின் இடப்புறத்தில் அடுத்துள்ள கறுப்புக் கட்டை கைசிகி நிஷாதம். மெய்யான ஸீ மைனரில் இச்சுரம் இல்லை. இது செவன்த் கூட்டுக்கு உரியது. அடுத்துள்ள வெள்ளைக் கட்டையோ காகலி நிஷாதம். ஸீ செவன்த் கூட்டில் அதற்கு இடமே இல்லை. கசியோ முறையில் ஒருவர் ஸீயையும் அந்தர காந்தாரத்தையும் அழுத்தினால் மைனர் ஒலிக்கும். அவ்விரண்டும் சேர்ந்தாற் செவிக்குத் தோன்றுவது மேஜரே. ஆகவே ஒருவிரல் முறையில் விரல் அழுத்துவன சுரங்கள் அல்ல, குறியீடுகளே. தந்திப் பொறியில் அடிக்கும் குறிகளுக்கும் அவை தரும் சொற்களுக்கும் உள்ள தொடர்பே இங்கும் உள்ளது.

இதனால் ஒருவிரல் முறையை இகழ வேண்டியதில்லை. விரல் விறைத்துப்போன முதியவர் ஒருவர், தாம் இளமையிற் பாடிய பாடல்களை மாலைப் பொழுதில் வாசித்து ஆறுதல் பெற அம்முறை துணைசெய்கிறது. சின்னஞ்சிறு பிள்ளையின் கை மூன்று கட்டைகளை ஒருங்கே எட்டாது. அதற்கும் இது வேண்டும். தாளத்தோடு ஒன்றி வாசித்தல், கூட்டு மாறும் இடத்தைச் செவியால் உணர்தல் ஆகிய இரண்டையும் இம்முறையிலேயே கற்கலாம். தீமை வருவது, கை வளர்ந்த பின்னரும் அதிலேயே தங்கும்போதுதான். வீட்டில் கசியோ முறையில் மூன்றாண்டு பழகிய பிள்ளை, பாடசாலையில் யமஹா கருவியின் முன் அமர்ந்தால் ஒரு மைனரைக்கூட எழுப்பமாட்டாது திகைக்கும். பியானோவின் முன் அமர்ந்தாலோ அதன் இடக்கை கற்றது ஒன்றும் பயன்படாது.

இதற்கு மாற்றாக உள்ளது ‘ஃபிங்கர்ட்’ எனப்படும் முறை. கூட்டின் சுரங்களை மெய்யாகவே அழுத்த வேண்டும் என்பது இதன் விதி. நிறைகூட்டு முறை என இதனைக் கூறலாம். ஸீ மேஜருக்கு ச, க, ப என்னும் மூன்றையும் அழுத்துதல் வேண்டும். எந்த நிறுவனத்துக் கருவியாயினும் இச்சுரங்கள் மாறா. பியானோவிலும் கித்தாரிலும் ஸீ மேஜர் இதுவே. இங்கே கற்றது எங்கும் உடன் வரும்.

இம்முறை கடினமானது என்று அஞ்சுவோர் பலர். ஒவ்வொரு கூட்டுக்கும் கை தாவிச் செல்ல வேண்டும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அது வேண்டுவதில்லை. சுரங்களின் வரிசை மாறினும் கூட்டு மாறாது. ஸீ மேஜருக்கு ச, க, ப. எஃப் மேஜருக்கு அதே சட்சத்தோடு ம, த. ஜீ மேஜருக்குக் கீழ் நிஷாதத்தோடு ரி, ப. இம்மூன்றுக்கும் கை ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும். விரல்களே சிறிது அசையும். எண்ணிறந்த எளிய பாடல்களுக்கு இந்த மூன்று கூட்டுகளே போதும். வரிசை எவ்வாறிருப்பினும், கருவி கூட்டின் மூலச்சுரத்தைத் தானே கண்டு, பேஸ் கித்தாரை அச்சுரத்திலேயே ஒலிக்கச் செய்யும்.

இவ்விடத்திற்றான் தெரிவு நுட்பமாகிறது. ‘ஃபிங்கர்ட் ஓன் பேஸ்’ என்றொரு முறை உண்டு. அதில் இடக்கை அழுத்தும் கட்டைகளுள் எது தாழ்ந்ததோ, அதுவே பேஸ் கித்தாரின் சுரமாகும். மேற்கூறியவாறு கையை ஓரிடத்தில் வைத்து வாசிப்பவர் இம்முறையைத் தெரிந்தால், எஃப் மேஜர் வரும்போது பேஸ் சட்சத்திலேயே நிற்கும். ஜீ மேஜர் வரும்போது நிஷாதத்திற் போய் அமரும். பாட்டின் அடித்தளம் தளர்ந்தது போலத் தோன்றும். வாசித்தவர் தம் விரல்களை ஐயுறுவர். பிழையோ முறையில் உள்ளது.

ஆனால் அதே முறை வேறோரிடத்தில் அழகு செய்யும். ஸீ மேஜர், ஜீ மேஜர், ஏ மைனர் என மூன்று கூட்டுகள் தொடர்ந்து வருவதாகக் கொள்வோம். நிறைகூட்டு முறையில் பேஸ் சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி, மீண்டும் தைவதத்துக்குச் செல்லும். ஓன் பேஸ் முறையில் ஜீ மேஜரை நிஷாதம் கீழே அமைய அழுத்தினால், ச, நி, த என்று பேஸ் படிப்படியாக இறங்கும். தேவாலயக் கீதங்களிலும் திரையிசையிலும் மனத்தை உருக்கும் இடங்கள் பலவற்றில் இத்தகைய இறக்கம் உண்டு. தாழ்ந்த விரல் எதுவென்று எண்ணி வாசிக்கக் கூடியவருக்கே இம்முறை உரியது.

வேறு சில முறைகளும் உண்டு. ‘மல்ட்டி ஃபிங்கர்’ என்பது ஒருவிரலையும் நிறைகூட்டையும் ஒருங்கே ஏற்பது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் மாணவனுக்கு இது நல்ல பாலம். தெரிந்த கூட்டை நிறைவாக அழுத்தி, தெரியாததை ஒரு விரலால் எழுப்பலாம். ‘ஏஐ ஃபிங்கர்ட்’ என்பது மூன்றுக்குக் குறைந்த கட்டைகளை அழுத்தினாலும், முந்தி ஒலித்த கூட்டைக் கொண்டு கருத்தை ஊகித்துக்கொள்ளும். தேர்ந்தவருக்கு இது வசதி. பயில்பவருக்கோ, விரல் ஒன்று தவறியதைச் செவிக்குத் தெரியாமல் மறைத்துவிடக் கூடும். ‘ஃபுல் கீபோட்’ முறை பலகை முழுவதிலும் அழுத்தும் கட்டைகளைக் கேட்டுக் கூட்டைக் கண்டுகொள்ளும். பியானோ பயின்று, இரு கைகளாலும் கூட்டுகளை நிறைவாக வாசிப்பவருக்கு அது பொருந்தும். மற்றையோர் அதனைத் தெரிந்தால், மெட்டிலே வந்து போகும் சுரம் ஒன்றையும் கருவி கூட்டின் உறுப்பாகக் கொண்டு, வேண்டாத இடத்திற் பக்கவாத்தியத்தை மாற்றிவிடக் கூடும்.

தமிழிசை வாசிப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஒரு கூட்டிலே காந்தாரம் இருப்பின், அது மேஜர் அல்லது மைனர் எனத் திட்டமாகப் பேசும். இராகத்தின் காந்தாரம் அதனோடு ஒவ்வாதாயின் செவி நோகும். யமஹா கருவிகளின் நிறைகூட்டு முறையிற் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அழுத்தினால், பக்கவாத்தியம் அவ்விரண்டையே தளமாகக் கொண்டு ஒலிக்கும். சட்சத்தையும் மேற்சட்சத்தையும் மட்டும் அழுத்தினால் சட்சத்தை மட்டுமே கொண்டு ஒலிக்கும். தம்புராவின் நாதத்துக்கு இது அணித்தானது. திருமுறைப் பாடல்களைக் கீபோட்டில் வாசிக்க விழைவோர், கூட்டுகளை நிரப்பிப் பண்ணின் உருவைக் குலைப்பதினும், இவ்வழியைக் கைக்கொள்ளுதல் நன்று.

ஆகவே முறையைத் தெரியும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது எளிது என்பதன்று; இந்த இடக்கை அடுத்ததாக எதனைக் கற்க வேண்டும் என்பதே. சிறு பிள்ளைக்கு ஒருவிரல் முறை. கை எட்டத் தொடங்கியதும் மல்ட்டி ஃபிங்கர். சில கூட்டுகள் கைவந்ததும் நிறைகூட்டு முறை. செவி பேஸின் நடையைப் பின்தொடரும் காலத்தில் ஓன் பேஸ். முதியவருக்கோ அவர் மகிழும் முறை எதுவோ அதுவே சிறந்தது.

பிள்ளை எந்நிலையில் உள்ளது என்பதைப் பெற்றோர் அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பக்கவாத்தியத்தை நிறுத்திவிட்டு, பியானோ ஒலியில் ஸீ மேஜரை இடக்கையால் வாசிக்கச் சொல்லுக. மூன்று சுரங்களும் ஒருங்கே ஒலித்தால் கூட்டு பிள்ளையின் கையில் உள்ளது. ஒரு சுரம் மட்டும் தனித்து ஒலித்தால் கூட்டு இன்னும் கருவியினுள்ளேயே உள்ளது. அன்று மாலையே, கருவியில் அதற்கென உள்ள அமைப்பை ஒரு படி மாற்றிவைத்து, ச, க, ப என்னும் மூன்று கட்டைகளையும் பிள்ளைக்குக் காட்டத் தொடங்கலாம்.