கிராம்பு போடாத கிராம்பு வாசம்



கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுனிலிருந்து பஜார் ரோடு வரை நடந்து போனால், பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. எந்தக் கிடங்கில் என்ன சரக்கு என்று மூக்கே சொல்லிவிடும். சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு. அங்கே கிராம்பு வியாபாரம் செய்கிற ஒருவரிடம், ஜெர்மனியின் பவேரியா பகுதியில் காய்ச்சிய கோதுமை பீரை ஒரு கோப்பை கொடுத்து முகரச் சொல்லுங்கள். "இதில் கிராம்பு போட்டிருக்கிறார்கள்" என்று சத்தியம் செய்வார். கூடவே பழுத்த வாழைப்பழ வாசமும் வரும். உண்மையில் அந்த பீரில் கிராம்பும் இல்லை, பழமும் இல்லை. அதே கோதுமையில் அமெரிக்கர்கள் காய்ச்சுகிற பீரை அடுத்து நீட்டினால், பெரும்பாலும் அந்த இரண்டு வாசமும் இருக்காது. தானியம் ஒன்று, வாசம் வேறு. இது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கோதுமையின் பங்கு என்ன என்று பார்த்துவிடுவோம். பீர் என்றால் பெரும்பாலும் பார்லிதான். பார்லியை முளைகட்டிக் காயவைத்து, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடிப்பார்கள். பார்லிக்கு உமி உண்டு. அந்த உமியே வடிகட்டியாக உதவும். கோதுமை மணியில் உமி ஒட்டியிருப்பதில்லை. கோதுமையை மட்டும் ஊறவைத்தால் பசைபோல் இறுகி, சாறு இறங்க மறுக்கும். அதனால் பெரும்பாலும் கோதுமையோடு பார்லியைக் கலக்கிறார்கள். ஜெர்மனியில் தானியத்தில் பாதியாவது கோதுமையாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு போட்டாலும் கோதுமை பீர்தான். கோதுமையில் புரதம் அதிகம். திரண்ட நுரையும் கலங்கிய நிறமும் பெருமளவு அதனால் வருபவை. கோதுமையின் வேலை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. கிராம்பு வாசத்துக்கு வேறு ஆள் பொறுப்பு. அது ஈஸ்ட்.

கோதுமையிலும் பார்லியிலும் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பவேரியாவின் கோதுமை பீர் ஈஸ்ட் அதைப் பிடித்து வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. கிராம்புக்கு வாசம் தருகிற யூஜினாலுக்கு இது நெருங்கிய உறவு. வாழைப்பழ வாசமும் அதே ஈஸ்ட் செய்து தருவதுதான். பழத்தில் இருக்கிற அதே வேதிப்பொருள் பீரிலும் உருவாகிறது. இதை அறிந்த காய்ச்சுநர்கள், தானியம் ஊறும்போது சூட்டை 45 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். ஃபெருலிக் அமிலம் கூடுதலாக வெளியே வரும், கிராம்பு தூக்கலாகும். நொதிக்கும்போது சூடு கொஞ்சம் ஏறினால் வாழைப்பழம் தூக்கலாகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராம்பு வாசம் காட்டு ஈஸ்ட்களின் குணம். மற்ற பல பீர் வகைகளில் அது வந்தால், பீர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிப் பழகிய ஈஸ்ட்களில் பெரும்பாலானவை அந்தக் குணத்தை இழந்துவிட்டன. பவேரியாக்காரர்களோ, மற்றவர்கள் பலர் குற்றம் என்று ஒதுக்கியதைக் குணம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதைக் காப்பாற்றியதில் அரசியலுக்கும் பங்கு உண்டு. 1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டம், பீருக்குப் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் இந்த மூன்று மட்டுமே என்றது. கோதுமை ரொட்டிக்காரர்களுக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். ஈஸ்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அப்படி ஓர் உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் காய்ச்சச் சலுகை இருந்தது. 1602இல் அந்த வம்சம் வாரிசில்லாமல் முடிந்ததும், கோமகன் மாக்ஸிமிலியன் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். கஜானா நிரம்பியது. பிறகு மக்களின் நாக்கு மாறியது; கோதுமை பீர் மங்கியது. 1872இல் கேயார்க் ஷ்னைடர் என்ற காய்ச்சுநர் அரசரிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றதால்தான் அது பிழைத்தது.

அமெரிக்காவில் கதை வேறு. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதற்குப் பின் எஞ்சியவை பெரிய ஆலைகளும் வெளிர்நிற லாகர் பீரும். எண்பதுகளில் சின்ன ஆலைகள் முளைத்தபோதுதான் கோதுமை பீர் மீண்டும் தலைகாட்டியது. ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கர்ட், ராப் என்ற விட்மர் சகோதரர்கள் இரண்டு வகை பீர் காய்ச்சி வந்தார்கள். 1986இல் உள்ளூர் மதுக்கடை ஒன்று மூன்றாவது வகை கேட்டது. நொதிக்கும் தொட்டியோ இரண்டுதான். இருந்த கோதுமை பீரையே வடிகட்டாமல், கலங்கலாக ஊற்றிக் கொடுத்தார்கள். அது பிய்த்துக்கொண்டு போனது. பார்வைக்குப் பவேரியா பீர்போலவே இருந்தது; மணத்தில் இல்லை. காரணம், அவர்கள் பயன்படுத்தியது ட்யூசல்டார்ஃப் நகரத்து வேறொரு பீர் வகையின் ஈஸ்ட். அதுவும் ஜெர்மன் ஈஸ்ட்தான், ஆனால் வாசத்தில் அடக்கமானது. அப்படி ஈஸ்ட் ஒதுங்கிக்கொள்ளும்போது தானியத்தின் ரொட்டி மணமும் அமெரிக்க ஹாப்ஸின் ஆரஞ்சு, சாத்துக்குடி மணமும் முன்னே வருகின்றன. கோப்பை விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகுகிற பழக்கமும் அங்கே இதனோடு பொருந்திப் போனது.

நம் நாட்டில் கோதுமை பீர் பரவியதில் இரண்டு வழிகளைச் சொல்லலாம். 2010இல் பெங்களூரு இந்திராநகரில் தொடங்கிய டாய்ட் போன்ற கடைகள், அங்கேயே காய்ச்சிய பவேரியா வகையைப் பழக்கின. 2015இல் வந்த பீரா 91 வெள்ளை, பெல்ஜியத்தை ஒட்டிய வகை. முதலில் காய்ச்சி வந்ததும் பெல்ஜியத்தில்தான். பெல்ஜியம் வகையில் கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுவார்கள். மட்டாஞ்சேரி கடைக்காரர் "இதில் மசாலா போட்டிருக்கிறார்கள்" என்று அங்கே சொன்னால் சரியாக இருக்கும்.

ஆகவே அமெரிக்க கோதுமை பீரை, ஜெர்மானியர்களைப் பார்த்துச் செய்து தோற்றுப்போன ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஈஸ்டைப் பேசவிடுவதா, அடக்கிவைப்பதா என்ற கேள்விக்கு இரு நாட்டாரும் தந்த இரண்டு பதில்கள் அவை. பவேரியா பீரில் எலுமிச்சை பிழிந்தால் ஈஸ்டின் உழைப்பு மறைந்துபோகும். அமெரிக்க பீருக்கு அது குறையில்லை.

பீரைத் தொடாதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கொச்சியில் கள் விட்டு மாவு புளிக்கவைத்துக் கள்ளப்பம் சுடுகிறார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டில், அதே அரிசிக்கும் தேங்காய்க்கும் பாக்கெட் ஈஸ்ட் போடுகிறோம். இரண்டும் பொங்கும், இரண்டும் மெத்தென்று வரும். ஆனால் கொச்சிக்குப் போய் வந்தவர்கள் நம் வீட்டு அப்பத்தில் ஏதோ குறைகிறது என்றால், அரிசியைக் குறை சொல்லாதீர்கள். மாவைப் புளிக்கவைத்தது எது என்று கேளுங்கள்.