வெற்றி யார் கணக்கில்?

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழுக்காடு பாடத்தில் நம் மாணவர்கள் வகுத்து, நூறால் பெருக்கி, விடையைச் சரியாக எழுதிவிடுகிறார்கள். அந்த விடையை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்னும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இதற்கு உதவும் ஒரு கணக்கு அமெரிக்காவின் பேஸ்பாலில் இருக்கிறது.

கிரிக்கெட்டில் வெற்றி அணிக்கு. பந்து வீசியவருக்கு விக்கெட். பேஸ்பாலில் அப்படியல்ல. ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியையும் வென்ற அணியின் பந்து வீச்சாளர் ஒருவர் பெயரில் எழுதுவார்கள். தோல்வியையும் அப்படியே மறு அணியில் ஒருவர் பெயரில். கடைசிவரை கைவிட்டுப் போகாத முன்னிலையை அணி பிடித்தபோது யார் வீசிக்கொண்டிருந்தாரோ, பொதுவாக வெற்றி அவருடையது. ஆண்டு முடிவில், வெற்றிகளை வெற்றி தோல்விகளின் கூடுதலால் வகுத்து வீரர்களை வரிசைப்படுத்துகிறார்கள். இதற்கு விழுக்காடு என்றுதான் பெயர். ஆனால் நூறால் பெருக்குவதில்லை. மூன்று தசம இடங்களோடு நிறுத்திவிடுவார்கள். அது ஏன் விழுக்காடு ஆகாது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

1959இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ராய் ஃபேஸுக்கு 18 வெற்றி, 1 தோல்வி. 18/19, அதாவது 0.947. 1972இல் பிலடெல்பியா ஃபிலீஸ் அணியின் ஸ்டீவ் கார்ல்டனுக்கு 27 வெற்றி, 10 தோல்வி, 0.730. வரிசையில் ஃபேஸ் வெகு மேலே நிற்கிறார்.

ஃபேஸ் ஆட்டத்தின் பிற்பகுதியில் இறங்குபவர். அந்த ஆண்டு முழுவதும் அவர் வீசியது சுமார் 93 இன்னிங்ஸ். கார்ல்டன் 41 ஆட்டங்களைத் தொடங்கி, அவற்றில் 30ஐத் தாமே வீசி முடித்தார், 346 இன்னிங்ஸ். அவருடைய அணியோ அந்த ஆண்டு 59 ஆட்டங்களில் மட்டுமே வென்றது, 97இல் தோற்றது. கார்ல்டன் கணக்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 32 வெற்றி, 87 தோல்வி, 0.269. இந்தக் கழித்தலை மாணவர்களே கரும்பலகையில் செய்யட்டும். பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த ஆண்டு ஃபேஸ் 10 வெற்றி, 8 தோல்வி, 0.556. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.70இலிருந்து 2.90 ஆயிற்று, அவ்வளவுதான். பந்து வீச்சு கொஞ்சம் மாறியது, தரவரிசையோ தலைகீழாயிற்று.

சிறிய பகுதி இன்னொரு சிக்கல். ஒரே ஆட்டத்தில் வென்றவருக்கு 1.000, 20 வென்று 5 தோற்றவருக்கு 0.800. அதனால்தான் பட்டியலில் இடம்பெறக் குறைந்தபட்ச வரம்பு ஒன்று வைக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு வேறொரு வழியும் காட்டலாம்: எல்லாருக்கும் ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் கூட்டிவிட்டு வகுக்கச் சொல்லுங்கள். முதலாமவர் 2/3, 0.667, இரண்டாமவர் 21/27, 0.778. வரிசை மாறிவிடுகிறது. லாப்லாஸின் நிகழ்தகவு விதியில் இருப்பதும் இந்தக் கூட்டல்தான்.

பள்ளிகளின் தேர்ச்சிப் பட்டியல் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். பத்துப் பேர் எழுதிய பள்ளியில் ஒருவர் தவறினால் 90 விழுக்காடு. இருநூறு பேர் எழுதிய பள்ளியில் ஒருவர் தவறினால் 99.5. முதல் பள்ளியின் தலைமையாசிரியர்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒருவர். 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி, 0.526. ஆனால் ஓட்டச் சராசரி 1.70. சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். அவர் தொடங்கிய ஆட்டங்கள் 32. வகுத்தலில் பகுதியாக நிற்பதோ 19தான். மற்ற 13 ஆட்டங்களில் அவர் எப்படி வீசினார் என்பது அந்தப் பின்னத்துக்குத் தெரியாது. தேர்வு எழுத வராத பிள்ளையும் அப்படித்தான், தேர்ச்சி விழுக்காட்டின் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போது வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.