புதுசா ஏதும் நடந்தால் சொல்லுங்கோ

(ரொறன்ரோவிலிருந்து இணையவழியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை பதினொரு மணி. யாழ்ப்பாணத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம், சிட்னியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். நித்திரை முழித்துக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

'எது செய்தி?' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் ஊடகவியல் படித்தவன் அல்ல. ஸ்காபரோவில் இலவசமாக வெளிவந்த ஒரு தமிழ் வார இதழில் பதினொரு ஆண்டுகள் செய்தி ஆசிரியராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். பகலில் தொழிற்சாலை வேலை, செவ்வாயும் புதனும் இரவில் பக்கம் போடுவது, வெள்ளிக்கிழமை தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக் கட்டாக இறக்குவது. விளம்பரமும் மரண அறிவித்தலும் போக மிஞ்சுகிற இடத்தில் எதைப் போடுவது, எதை விடுவது என்று முடிவெடுத்தவன் நான். போட்டதைப் பற்றிப் பலர் சண்டைக்கு வந்தார்கள். விட்டதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இன்று விட்டதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாள். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். மாலையில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஸ்பாடைனா ஏறுபாதை வழியாக கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். நள்ளிரவு வரை வீதி மூடிக் கிடந்தது. நான் கமராவோடு நின்றேன். அதே வருடம் ஜனவரி 30ஆம் திகதி, கடுங்குளிரில் பல்லாயிரம் பேர் கைகோத்து நகர மையத்தில் மனிதச் சங்கிலியாக நின்றிருந்தார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதற்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு கவனம் இந்தச் சில மணிநேர வீதி மறிப்புக்குக் கிடைத்தது. ஆனால் என்ன கவனம்? வீதி எப்போது திறக்கும், குழந்தைகளை முன்னால் நிறுத்தியது சரியா, எத்தனை வாகனங்கள் சிக்கின என்பதுதான். அந்த வார இறுதியில் முள்ளிவாய்க்காலில் விழுந்த எறிகணைகளைப் பற்றி மறுநாள் கொழும்பிலிருந்த ஐ.நா. பேச்சாளர் கோர்டன் வைஸ் 'இரத்தக்களரி' என்ற சொல்லையே பயன்படுத்தினார். இங்கே அது வீதிச் செய்திக்குள் ஒரு பந்தியாக வந்துபோனது.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு ஆறுதலாக வாசித்தபோதுதான் அதற்கு ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. 1965இல் நோர்வேயைச் சேர்ந்த யொஹான் கால்துங், மாரி ரூகே என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நோர்வேப் பத்திரிகைகள் எப்படிக் காட்டின என்று பார்த்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்குப் பன்னிரண்டு காரணிகளைச் சொன்னார்கள். பத்திரிகையின் கால அளவுக்குள் நடந்து முடியவேண்டும். குழப்பமில்லாமல் விளங்கவேண்டும். வாசகருக்குப் பண்பாட்டளவில் நெருக்கமாக இருக்கவேண்டும். எதிர்பாராததாக இருக்கவேண்டும். வல்லரசு நாடும் பெரிய மனிதரும் இருந்தால் நல்லது. கெட்ட செய்தியாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பட்டியலில் கார்டினரை வைத்துப் பாருங்கள். ஒரே மாலையில் தொடங்கி முடிந்தது, பக்கத்தில் நடந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை, படம் எடுக்கலாம். வன்னியை வையுங்கள். மாதக்கணக்காக நடக்கிறது, தூரம், யார் சொல்வதை நம்புவது என்று தெரியவில்லை, படமும் இல்லை. செய்தியாளர்களை அங்கே சுயாதீனமாகப் போக அரசு விடவில்லை. கொழும்பில் எழுதிக்கொண்டிருந்த லசந்த விக்கிரமதுங்கவை அந்த ஜனவரி 8ஆம் திகதியே கொன்றுவிட்டார்கள். ஆகவே ரொறன்ரோவின் ஆசிரியர்கள் எல்லோரும் கல் நெஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்து நிமிடத்தில் கமரா போகக்கூடிய இடத்துக்குக் கமரா போனது. செய்தியின் அளவு இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, யாருடைய வழமை குலைகிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் சாவு அவர்களுடைய வழமையைக் குலைக்கவில்லை. எங்கள் உடம்பு அவர்கள் வீதியில் கிடந்தபோது குலைத்தது.

கால்துங் பிற்காலத்தில், தான் அதை ஓர் எச்சரிக்கையாக எழுதியதாகச் சொன்னார். இப்படிச் செய்தால் உலகத்தின் கோணலான படம்தான் கிடைக்கும் என்பதற்காக எழுதப்பட்ட பட்டியலை, இப்படித்தான் செய்யவேண்டும் என்ற பாடமாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இதுவரை அடுத்தவரைக் குறை சொன்னேன். இனி எங்கள் மேசைக்கு வருகிறேன்.

2009இல் எங்கள் இதழில் வன்னிதான் முதற்பக்கம். ஆனால் உள்ளே இருந்த மக்களை வெளியேறப் புலிகள் விடவில்லை, ஓடியவர்கள் மீது சுட்டார்கள் என்பதும் எங்கள் காதுக்கு வந்தது. எங்களுக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, அரச படைகளின் எறிகணை வீச்சையும் இதையும் சேர்த்தே பதிவுசெய்தது. நான் போடவில்லை. 'இந்த நேரத்தில் வேண்டாம்' என்றார் வெளியீட்டாளர் அண்ணை. நானும் தலையாட்டினேன். வாசகரின் மனதுக்கு ஒத்துப்போவது செய்தியாகும், ஒத்துப்போகாதது ஆகாது. அதுவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

அடுத்தது 2010 ஓகஸ்ட். 'சன் சீ' என்ற கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. கனடா முழுக்க அது செய்தி. எங்களுக்கும் நாலு கிழமை முதற்பக்கம். பிறகு தடுப்புக்காவல், விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்காக இழுபட்டது. கப்பல் வருவது நிகழ்ச்சி. மனிதன் காத்திருப்பது நிகழ்ச்சி அல்ல. நாங்களும் விட்டுவிட்டோம்.

2014ஆம் ஆண்டு, ஒரு புதன்கிழமை இரவு, பக்கம் மூடும் நேரம், ஒரு பெடியன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, நான் கப்பலில வந்தனான். என்ர கேசை மறுத்துப்போட்டினம். திருப்பி அனுப்பப்போகினம். ஏதும் எழுதுவியளோ?" என்று கேட்டான். நான் எரிச்சலாகப் பேசவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். "தம்பி, இப்பிடிக் கனபேர் இருக்கினம். புதுசா ஏதும் நடந்தால் சொல்லுங்கோ."

ஊடகவியல் பாடநூல் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்கும். நான் அதை அன்று ஒரு தொழில்காரனின் நிதானத்தோடு சொன்னேன்.

இப்போது 2018க்கு வாருங்கள். அந்த ஜனவரியில் புரூஸ் மக்கார்தர் கைதாகியிருந்தான். எட்டுப் பேரைக் கொன்றவன். இறந்தவர்களில் பெரும்பாலானோர் தெற்காசிய, மத்திய கிழக்குப் பின்னணி கொண்டவர்கள். முதலாமவர் ஒரு தமிழர், 2010இல் காணாமல் போனவர். நகர மையத்தின் ஒருபாலீர்ப்பாளர் சமூகம் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்று. அவர்களுடைய 'எக்ஸ்ட்ரா' பத்திரிகை எழுதியது. பெரிய பத்திரிகைகளுக்கு அது வெகு பிந்தியே பெரிய செய்தியானது. எங்களுக்கோ அது 'எங்கட ஆட்கள்' சம்பந்தப்படாத விஷயம். காணாமல் போனவர் தமிழர் என்று தெரிந்தும்கூட.

அந்த மார்ச்சில் பொலிஸ் ஓர் இறந்த மனிதரின் படத்தை வெளியிட்டு, யார் என்று தெரியுமா எனக் கேட்டது. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியில் அந்த முகத்தைப் பார்த்தேன். ஏப்ரலில் அடையாளம் கண்டார்கள். 37 வயதுத் தமிழர். 'சன் சீ' கப்பலில் வந்தவர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர். 2016இன் தொடக்கத்தில் கொல்லப்பட்டவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரைக் காணவில்லை என்று ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளித்திருக்கிறார் என்று உறவினர் நினைத்திருந்தார்கள். அவர் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இருந்தபோது ஒரு வரி எழுதாத நான் இப்போது அந்தப் பெயரை மேடையில் பாவிக்க விரும்பவில்லை.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் தொலைபேசிப் பெடியனோ இவர்? வீட்டுக்குப் போய்ப் பழைய நாட்குறிப்பைத் தேடினேன். பெயர் வேறு. ஒரு பெருமூச்சு விட்டேன். அந்த நிம்மதியை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. இறந்தவர் வேறொருவர் என்றால் என் கணக்குத் தீர்ந்துவிடுமா?

2021இல் நீதிபதி குளோரியா எப்ஸ்டீனின் விசாரணை அறிக்கை வந்தது. காணாமல் போனோர் விஷயத்தில் ரொறன்ரோ பொலிஸார் எப்படித் தவறினார்கள் என்று பார்த்து 151 பரிந்துரைகளை அது முன்வைத்தது. பொலிஸுக்கு ஓர் எப்ஸ்டீன் கிடைத்தார். பத்திரிகை மேசைகளுக்கு யாரும் அப்படி அறிக்கை எழுதப்போவதில்லை. நாங்களே எழுதினால்தான் உண்டு. இந்த உரை எனது பங்கு.

இளம் செய்தியாளர்கள் சிலர் கேட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்தப் பட்டியலைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பக்கத்தில் உலகத்தைப் போட முடியாது, தெரிவு இல்லாமல் பத்திரிகை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'இப்படிக் கனபேர் இருக்கினம்' என்று வாய் வரும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். கனபேர் இருப்பது ஒதுக்குவதற்கான காரணமா, அதுதான் செய்தியா? 492 பேரில் எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள், அவர்கள் எங்கே படுக்கிறார்கள், யாரிடம் கூலிக்கு நிற்கிறார்கள், காணாமல் போனால் பொலிஸுக்குப் போகத் துணிவார்களா என்று 2014இல் நான் விசாரித்திருக்கலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டாம், நாலு பின்னேரம் போதும். ஒருவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன். தேடப்படாத மனிதர்கள் இந்த நகரில் இருக்கிறார்கள் என்பது எழுத்தில் இருந்திருக்கும்.

அந்தப் பெடியனைப் பிறகு கண்டுபிடித்தேன். மனிதாபிமான அடிப்படையில் இங்கேயே இருக்க அனுமதி கிடைத்து, வேறொரு நகரில் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை செய்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை.

"அண்ணை, நான் அண்டைக்குப் பதினைஞ்சு இடத்துக்கு எடுத்தனான்" என்றார். "எல்லாரும் உதைத்தான் சொன்னவை."